நிக்கான் டி3500-க்கு எந்த லென்ஸ் வேலை செய்யும்? தொடக்கநிலை கேமரா வைத்திருப்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கிட் லென்ஸோடு (பெட்டியிலேயே கேமராவுடன் வரும் லென்ஸ்) கேமரா வாங்கி ஆறு மாதமோ ஒரு வருடமோ ஆனதும் இரண்டாவது லென்ஸ் ஆசை வந்துவிடும். அந்த நேரத்தில் வரும் கேள்விகள் இவை. பெரும்பாலும் நிக்கானின் டி3000, டி5000 வரிசைக் கேமராக்களைப் பற்றித்தான் எழுதியிருக்கிறேன், ஏனென்றால் குழப்பம் அதிகம் அங்கேதான். கேனான்காரர்களுக்கும் நடுவில் ஓரிடம் உண்டு.

என்னிடம் டி3500 இருக்கிறது. நிக்கான் என்று எழுதியிருக்கும் எந்த லென்ஸையும் மாட்டலாமா?

மாட்டலாம் என்பது வேறு, வேலை செய்யும் என்பது வேறு. நிக்கான் 1959-இல் கொண்டுவந்த 'எஃப் மவுண்ட்' என்ற, லென்ஸ் மாட்டும் அதே வளையம்தான் உங்கள் டி3500-லும் இருக்கிறது. அதனால் அறுபது வருடத்து லென்ஸ்களில் பெரும்பாலானவை 'கிளிக்' என்று உட்கார்ந்துவிடும். கடைக்காரர் "பாருங்க சார், செட் ஆயிடுச்சு" என்று காட்டுவதும் இதைத்தான். அந்தக் கிளிக்கை மட்டும் நம்பிப் பணம் கொடுக்காதீர்கள். ஆட்டோஃபோகஸ் ஓடுமா, கேமரா வெளிச்சத்தை அளக்குமா என்று தனித்தனியாகப் பார்க்க வேண்டும்.

மாட்டவே முடியாதவையும் உண்டு. 2018-இல் வந்த இசட் மவுண்ட் லென்ஸ்கள் நிக்கானின் மிரர்லெஸ் (உள்ளே பிரதிபலிக்கும் கண்ணாடி இல்லாத) கேமராக்களுக்கானவை. அவற்றை டி3500-இல் போட வழியே இல்லை, அடாப்டரும் கிடையாது. பெட்டியில் 'நிக்கோர் இசட்' என்று இருந்தால் அப்படியே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

ஆட்டோஃபோகஸ் ஏன் சில லென்ஸ்களில் ஓடாது? லென்ஸ் பழுதா?

பழுதில்லை. ஃபோகஸ் செய்ய லென்ஸுக்குள் இருக்கும் கண்ணாடிகளை நகர்த்த ஒரு மோட்டார் வேண்டும். நிக்கானின் பழைய ஏற்பாட்டில் அந்த மோட்டார் கேமராவுக்குள் இருந்தது. மவுண்ட் வளையத்தில் ஸ்க்ரூடிரைவர் நுனி மாதிரி ஒரு சின்னக் கம்பி துருத்திக்கொண்டிருக்கும். லென்ஸின் பின்பக்கம் அதற்கேற்ற திருகுப் பள்ளம் ஒன்று இருக்கும். கம்பி சுழன்றால் லென்ஸ் ஃபோகஸ் ஆகும்.

2006-இல் வந்த டி40-இல் நிக்கான் அந்த மோட்டாரை எடுத்துவிட்டது. எடையும் விலையும் குறைந்தன. அதற்குப் பிறகு டி60, டி3000 முதல் டி3500 வரை, டி5000 முதல் டி5600 வரை எதிலும் பாடி மோட்டார், அதாவது கேமராவுக்குள் இருக்கும் மோட்டார், இல்லை. டி50, டி70, டி80, டி90, டி7000 முதல் டி7500 வரை உள்ளவற்றில் இருக்கிறது. உங்கள் கேமராவின் லென்ஸைக் கழற்றி மவுண்டை ஒரு முறை பாருங்கள். அந்தத் திருகு நுனி தெரியவில்லை என்றால், லென்ஸுக்குள்ளேயே மோட்டார் உள்ளவற்றைத்தான் நீங்கள் தேட வேண்டும்.

லென்ஸில் மோட்டார் இருக்கிறதா என்பதை எப்படித் தெரிந்துகொள்வது?

பெயரின் முதல் எழுத்துகள் சொல்லிவிடும். 'ஏஎஃப்-எஸ்' என்றோ 'ஏஎஃப்-பி' என்றோ இருந்தால் மோட்டார் உள்ளே இருக்கிறது. வெறும் 'ஏஎஃப்' என்று இருந்தால் இல்லை, டி3500-இல் கையால்தான் ஃபோகஸ் செய்ய வேண்டும்.

எண்களுக்குப் பின்னால் வரும் 'ஜி', 'டி' எழுத்துகளைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். 'ஜி' என்றால் அந்த லென்ஸில் அபெர்ச்சரை (வெளிச்சம் நுழையும் துளை) மாற்றும் வளையம் இல்லை, அவ்வளவுதான். மோட்டாருக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. "ஜி லென்ஸ் எல்லாம் புதுசு, ஓடும்" என்று பலர் உறுதியாகச் சொல்வார்கள். அடுத்த கேள்வியைப் படித்துவிட்டு அவர்களிடம் பேசுங்கள்.

ஒருவர் நிக்கான் 70-300 லென்ஸை மிகக் குறைந்த விலைக்குத் தருகிறார். வாங்கலாமா?

70-300 என்பது மி.மீ.-இல் லென்ஸின் குவியத் தூரம்; எண் கூடக்கூடத் தொலைவிலுள்ளது பெரிதாகத் தெரியும். 'எஃப்/' எண் அபெர்ச்சரின் அளவு; எண் சிறியதென்றால் துளை பெரிது. எந்த 70-300 என்று கேளுங்கள். அந்த ஓர் எண்ணுக்குள் பல லென்ஸ்கள் இருக்கின்றன. விளம்பரத்தில் எல்லாமே 'நிக்கான் 70-300' என்றுதான் வரும்.

முதலாவது, ஏஎஃப் 70-300 எஃப்/4-5.6ஜி. ஃபிலிம் காலத்துக் கடைசியில் வந்த மலிவு லென்ஸ். ஜி என்று இருக்கும், ஆனால் மோட்டார் கிடையாது, கைநடுக்கத்தைச் சமாளிக்கும் விஆர் வசதியும் கிடையாது. செகண்ட் ஹேண்டில் மிகக் குறைந்த விலைக்கு வருவது பெரும்பாலும் இதுதான். டி3500-இல் இதை மாட்டி 300 மி.மீ.-இல் கையால் ஃபோகஸ் செய்து பறவை எடுப்பது பொறுமைக்கான சோதனை. இதற்கு முந்தைய 'டி' வகை ஒன்றும் உண்டு. அதற்கும் இதே கதிதான்.

அடுத்தது, 2006-இல் வந்த ஏஎஃப்-எஸ் 70-300 எஃப்/4.5-5.6ஜி விஆர். மோட்டார், விஆர் இரண்டும் உண்டு. கனமானது. டி40 காலத்திலிருந்து டி3500 வரை எந்த நிக்கான் டிஎஸ்எல்ஆரிலும் ஓடும். செகண்ட் ஹேண்டில் நல்ல நிலையில் கிடைத்தால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம்.

அப்புறம் ஏஎஃப்-பி டிஎக்ஸ் 70-300 எஃப்/4.5-6.3ஜி. டிஎக்ஸ் என்றால் டி3500-இல் உள்ளது போன்ற சிறிய சென்சாருக்கானது. இது இரண்டு வடிவில் வந்தது: ஒன்றில் விஆர் உண்டு, மற்றதில் இல்லை. வெளித்தோற்றம் கிட்டத்தட்ட ஒன்றுதான், பெயரின் கடைசியில் 'விஆர்' இருக்கிறதா என்று பார்த்தால்தான் தெரியும். விஆர் உள்ளது டி3500-க்குச் செய்து வைத்த மாதிரி: எடை குறைவு, சத்தமில்லாத வேகமான ஃபோகஸ். விஆர் இல்லாததை எவ்வளவு குறைத்துக் கொடுத்தாலும் நான் வாங்கமாட்டேன்.

கடைசியாக 2017-இல் வந்த ஏஎஃப்-பி 70-300 எஃப்/4.5-5.6இ விஆர். இது ஃபுல் ஃப்ரேமுக்கானது, அதாவது ஃபிலிம் அளவுக்குப் பெரிய சென்சார் உள்ள கேமராவுக்கானது. டி3500-இல் நன்றாகவே ஓடும், விலைதான் அதிகம்.

ஆகவே, விற்பவரிடம் லென்ஸின் பெயர் பொறித்த இடத்தைப் படம் பிடித்து அனுப்பச் சொல்லுங்கள். அதை அனுப்பத் தயங்குபவரிடம் மேற்கொண்டு பேரம் பேசுவதில் பயனில்லை.

நண்பரின் டி3500-இல் ஓடும் ஏஎஃப்-பி லென்ஸ் என் டி3200-இல் ஃபோகஸ் ஆகவில்லை. ஏன்?

ஏஎஃப்-பி வகையில் இருப்பது ஸ்டெப்பிங் மோட்டார். அதை இயக்கக் கேமராவுக்குத் தெரிந்திருக்க வேண்டும். 2016-க்கு முந்தைய பல கேமராக்களுக்குத் தெரியாது. டி3000, டி3100, டி3200, டி5000, டி5100, டி90, டி7000 ஆகியவற்றில் ஏஎஃப்-பி லென்ஸ் மாட்டினால் ஆட்டோஃபோகஸ் மட்டுமல்ல, கையால் செய்யும் ஃபோகஸும் நடக்காது. இந்த லென்ஸ்களில் ஃபோகஸ் வளையம் கண்ணாடியோடு நேரடியாக இணைந்திருக்காது. வளையத்தைத் திருப்பினால் அது மின்கட்டளையாகப் போய் மோட்டாரை ஓட்டுகிறது. மோட்டாரே எழவில்லை என்றால் வளையத்தைத் திருப்பி என்ன பயன்?

டி3300, டி5300, டி5500 வைத்திருப்பவர்கள் கேமராவின் ஃபர்ம்வேரை (உள்ளிருக்கும் மென்பொருள்) புதுப்பித்தால் போதும். நிக்கான் தளத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. டி5200-இல் ஓடும், ஆனால் கேமரா தூங்கி எழும்போது ஃபோகஸ் இடம் மாறிவிடுவது போன்ற சில குறைகள் உண்டு. டி3400, டி3500, டி5600 எல்லாம் பிரச்சினையே இல்லை.

டி3200, டி5100 வைத்திருப்பவர்கள் ஏஎஃப்-எஸ் பக்கமே நிற்பது நல்லது. 55-200, 55-300, 18-140 எல்லாமே ஏஎஃப்-எஸ் விஆர் வடிவில் செகண்ட் ஹேண்டில் கிடைக்கின்றன.

50 எஃப்/1.8டி மலிவாகக் கிடைக்கிறது. கையால் ஃபோகஸ் செய்துகொள்கிறேன். சரிதானே?

செய்யலாம். அது வெறும் ஏஎஃப் லென்ஸ், ஆனால் உள்ளே சிப் இருப்பதால் கேமரா வெளிச்சத்தை ஒழுங்காக அளக்கும். கண் வைத்துப் பார்க்கும் வியூஃபைண்டரின் கீழே இடது ஓரத்தில் பச்சைப் புள்ளி ஒன்று இருக்கிறது. ஃபோகஸ் சரியானதும் அது நிலையாக எரியும், அதைப் பார்த்து வளையத்தை நிறுத்திக்கொள்ளலாம்.

இதை முதல்முறை மாட்டுபவர்கள் பலர் மிரளும் இடம் ஒன்று உண்டு: கேமராவில் 'எஃப்இஇ' என்று மின்னும், ஷட்டர் விழாது. பதற வேண்டாம். லென்ஸிலுள்ள அபெர்ச்சர் வளையத்தை ஆரஞ்சு நிற 22-க்குத் திருப்பி, பக்கத்திலுள்ள சின்னப் பூட்டைத் தள்ளிவிடுங்கள். அதன்பிறகு அபெர்ச்சரைக் கேமராவிலேயே மாற்றலாம்.

ஆனால் டி3500-இன் வியூஃபைண்டர் சிறியது. எஃப்/1.8-இல் கண் இமை தெளிவாகவும் காது மங்கலாகவும் இருக்கும் அளவுக்கு ஃபோகஸ் ஆழம் குறைவு. உட்கார்ந்து போஸ் கொடுப்பவரை எடுக்கலாம். ஓடும் குழந்தையை எடுக்க முடியாது. 2011-இல் வந்த ஏஎஃப்-எஸ் 50 எஃப்/1.8ஜி-க்குக் கூடுதலாகக் கொடுக்கும் காசு வீண் இல்லை.

அதைவிட, உண்மையிலேயே உங்களுக்கு 50 வேண்டுமா என்று யோசியுங்கள். டி3500-இன் சென்சார் அகலம் 23.5 மி.மீ. ஆளிடமிருந்து மூன்று மீட்டர் தள்ளி நின்றால் 50-இல் சுமார் 1.4 மீட்டர் அகலம்தான் படத்தில் வரும். அதே இடத்திலிருந்து 35-இல் 2 மீட்டர் வரும். கிட் லென்ஸின் 18-இல் கிட்டத்தட்ட 3.9 மீட்டர். நம் வீட்டு ஹாலில் பிறந்தநாள் கேக்கைச் சுற்றி நிற்கும் நாலு பேரை 50-இல் அடக்க, நீங்கள் சமையலறைக்குள் போய் நிற்க வேண்டியிருக்கும். என் ஓட்டு ஏஎஃப்-எஸ் டிஎக்ஸ் 35 எஃப்/1.8ஜி-க்குத்தான். 2009-இல் வந்தது, சின்னது, டி40 முதல் எல்லாவற்றிலும் ஓடும்.

காசு கொடுப்பதற்கு முன் ஒரு சோதனை: கிட் லென்ஸை 35-இல் வைத்து ஒரு நாள் முழுக்க ஜூமைத் தொடாமல் எடுங்கள். மறுநாள் 50-இல். எது கைக்கு வருகிறது என்று தெரிந்துவிடும்.

டிஎக்ஸ் லென்ஸுக்கும் 1.5-ஆல் பெருக்க வேண்டுமா?

டிஎக்ஸ் சென்சாரைவிட ஃபுல் ஃப்ரேம் சென்சார் சுமார் 1.5 மடங்கு அகலம் என்பதால் வந்த கணக்கு இது. ஃபுல் ஃப்ரேமோடு ஒப்பிட வேண்டுமென்றால் எந்த லென்ஸாக இருந்தாலும் பெருக்குங்கள். டிஎக்ஸ் 35-ம் ஃபுல் ஃப்ரேம் 35-ம் உங்கள் கேமராவில் ஒரே அகலத்தைத்தான் காட்டும். லென்ஸில் எழுதியிருப்பது குவியத் தூரம். அது கேமரா மாறினால் மாறாது, சென்சார் எவ்வளவை வெட்டி எடுக்கிறது என்பதுதான் மாறுகிறது. ஃபுல் ஃப்ரேம் கேமரா பயன்படுத்தியதே இல்லை என்றால் இந்தக் கணக்கையே மறந்துவிடுங்கள்.

ஃபுல் ஃப்ரேம் லென்ஸ் வாங்கினால் வீணா?

வீணில்லை. தாராளமாக ஓடும். எடையும் விலையும்தான் கூடும். நாளை ஃபுல் ஃப்ரேம் வாங்குவேன் என்ற ஒரே காரணத்துக்காக இன்றைக்கு 24-70-ஐத் தூக்கிக்கொண்டு அலையாதீர்கள். டிஎக்ஸ் கேமராவில் 24 அவ்வளவு அகலமும் இல்லை. ராஜகோபுரத்தை அடிவாரத்திலிருந்து எடுக்க வேண்டுமென்றால் 18-ஏ போதாது. ஏஎஃப்-பி டிஎக்ஸ் 10-20 மாதிரி ஒன்று வேண்டும். டி3200-காரர்களுக்கு அது ஓடாது என்பதையும் நினைவில் வையுங்கள்.

நான் கேனான் 1500டி. எனக்கும் இந்தத் தலைவலி உண்டா?

இல்லை, நீங்கள் நிம்மதியாகத் தூங்கலாம். கேனான் 1987-இல் ஈஎஃப் மவுண்டைக் கொண்டுவந்தபோதே மோட்டாரை லென்ஸுக்குள் வைத்துவிட்டது. அதனால் ஆட்டோஃபோகஸ் ஈஎஃப் லென்ஸ் எதுவும் 1300டி, 1500டி, 3000டி, 200டி எல்லாவற்றிலும் ஃபோகஸ் ஆகும். லென்ஸில் சிவப்புப் புள்ளி இருந்தால் ஈஎஃப், வெள்ளைச் சதுரம் இருந்தால் ஈஎஃப்-எஸ். உங்கள் கேமரா மவுண்டில் இரண்டு குறிகளும் இருக்கின்றன, நிறத்துக்கு நிறம் சேர்த்துத் திருப்பினால் போதும்.

கவனிக்க வேண்டியவை வேறு. 2018 முதல் வந்த ஆர்எஃப், ஆர்எஃப்-எஸ் லென்ஸ்கள் கேனானின் மிரர்லெஸ்ஸுக்கானவை, உங்களுக்குப் பொருந்தாது. ஈஎஃப்-எம் லென்ஸும் பொருந்தாது. பெயரில் ஓர் எழுத்துதான் வித்தியாசம் என்பதால் ஆன்லைனில் ஆர்டர் போடும்போது கை தவறிவிடும். 1987-க்கு முந்தைய எஃப்டி லென்ஸ்களை அப்பா, மாமா யாராவது அலமாரியில் வைத்திருந்தால் அவற்றையும் நேரடியாக மாட்ட முடியாது. ஃபிலிம் காலத்துச் சிக்மா லென்ஸ்கள் சில டிஜிட்டல் கேனானில் 'எர்ரர் 99' காட்டி நின்றுவிடும். அந்தக் காலத்துச் சிக்மா மலிவாக வந்தால் உங்கள் பாடியில் மாட்டி, அபெர்ச்சரை எஃப்/8-க்குக் குறைத்து, ஒரு படம் எடுத்துப் பாருங்கள்.

முதல் ப்ரைம் லென்ஸ் (ஜூம் இல்லாதது) என்றால் ஈஎஃப் 50 எஃப்/1.8 எஸ்டிஎம். ஹால் சின்னது என்றால் ஈஎஃப்-எஸ் 24 எஃப்/2.8.

டாம்ரான், சிக்மா, டோகினா வாங்கலாமா?

வாங்கலாம், நல்ல லென்ஸ்கள் இருக்கின்றன. பெட்டியில் 'நிக்கானுக்கு' அல்லது 'கேனானுக்கு' என்று இருப்பதைப் பாருங்கள். மவுண்டைப் பின்னால் மாற்றிக்கொள்ள முடியாது. நிக்கான்காரர்களுக்கு இங்கேயும் மோட்டார் கேள்வி வரும். டாம்ரான் 17-50 எஃப்/2.8 நிக்கானுக்கு மோட்டார் இல்லாமலும் வந்தது, மோட்டாரோடும் வந்தது. டோகினா 11-16 எஃப்/2.8-இன் முதல் வடிவில் மோட்டார் இல்லை, இரண்டாம் வடிவில் உண்டு. சிக்மாவில் 'எச்எஸ்எம்' என்று இருந்தால் கவலையில்லை. சந்தேகமென்றால் லென்ஸின் பின்பக்கத்தைப் பாருங்கள். முன்பு சொன்ன திருகுப் பள்ளம் இருந்தால் பெரும்பாலும் அது மோட்டார் இல்லாததுதான்.

கேனான் லென்ஸை அடாப்டர் போட்டு நிக்கானில் மாட்டலாமா?

வேண்டாம். மவுண்டிலிருந்து சென்சார் வரை நிக்கானில் 46.5 மி.மீ., கேனானில் 44 மி.மீ. கேனான் லென்ஸ் சென்சாருக்கு 2.5 மி.மீ. இன்னும் நெருக்கமாக இருக்க வேண்டும், அடாப்டர் போட்டால் இன்னும் விலகும். தொலைவில் இருப்பது எதுவும் ஃபோகஸ் ஆகாது. நடுவில் ஒரு கண்ணாடி வைத்த அடாப்டர்கள் விற்கிறார்கள், படத்தின் தெளிவு போய்விடும். எதிர்ப்பக்கம் நடக்கும்: நிக்கான் லென்ஸை அடாப்டர் வழியாகக் கேனான் பாடியில் போடலாம், ஆனால் ஃபோகஸும் அபெர்ச்சரும் கையால்தான்.

பறவை எடுக்க ஆசை. எது?

விஆர் உள்ள 70-300. வேடந்தாங்கலில் கரை மேல் நின்று ஏரி மரங்களின் கூடுகளைப் பார்த்து எடுப்பதற்கு 300 போதும் என்று சொல்லமாட்டேன், தொடங்குவதற்கு அது ஏற்றது என்பேன். தனிப் பறவையின் இறகு தெரிய வேண்டுமென்றால் இன்னும் நீளம் கேட்கும். முழு ஜூமில் எஃப்/5.6 அல்லது எஃப்/6.3 என்பதால் காலை வெயில் நன்றாக ஏறியபின் எடுங்கள், ஐஎஸ்ஓவை (சென்சாரின் ஒளி உணர்திறன்) 800, 1600 வரை ஏற்றத் தயங்காதீர்கள்.

பூச்சி, பூ என்றால் மிக நெருங்கி எடுக்கும் மைக்ரோ லென்ஸ். டிஎக்ஸ் 40 எஃப்/2.8ஜி மலிவு, ஆனால் சென்சாரில் பொருளின் நிஜ அளவே விழும்படி எடுக்கும்போது லென்ஸ் முனைக்கும் பொருளுக்கும் இடையே சில சென்டிமீட்டர்தான் மிஞ்சும். பூ நிற்கும், வண்ணத்துப்பூச்சி நிற்காது.

புது 18-55 மாட்டியதும் கேமரா படம் எடுக்க மறுக்கிறது.

மடங்கும் வகை லென்ஸ் அது. பக்கத்திலுள்ள பொத்தானை அழுத்திக்கொண்டு ஜூம் வளையத்தை 18-க்குத் திருப்புங்கள். சர்வீஸ் சென்டருக்குப் போகவேண்டாம்.

பழைய ஃபில்டர் புது லென்ஸில் சேருமா?

விட்டம் ஒன்றாக இருந்தால்தான். பழைய ஏஎஃப்-எஸ் 18-55-க்கு 52 மி.மீ., ஏஎஃப்-பி 18-55-க்கு 55 மி.மீ. லென்ஸ் முகப்பில் ஒரு வட்டக்குறி பக்கத்தில் எழுதியிருக்கும்.

செகண்ட் ஹேண்ட் லென்ஸில் என்ன பார்க்க வேண்டும்?

உங்கள் கேமராவைக் கையோடு கொண்டுபோங்கள். மற்றதெல்லாம் அப்புறம். இரண்டு பக்க மூடியையும் கழற்றி, போன் டார்ச்சைப் பின்னாலிருந்து அடித்து, முன்னாலிருந்து சாய்வாகப் பாருங்கள். தூசி ஒன்றிரண்டு இருந்தால் பாதகமில்லை. சிலந்தி வலை மாதிரி மெல்லிய கிளைகள் ஓரத்திலிருந்து படர்ந்திருந்தால் அது பூஞ்சை. கடலோர ஊர்களிலிருந்து வரும் லென்ஸ்களில் இது சகஜம். சுத்தம் செய்யலாம்தான், ஆனால் கண்ணாடியின் பூச்சை அது அரித்திருந்தால் தழும்பு போகாது. அபெர்ச்சர் தகடுகளில் எண்ணெய்ப் பளபளப்பு இருக்கிறதா என்றும் பாருங்கள். பிறகு பாடியில் மாட்டி, கடைக்குள் இருக்கும் பொருளையும் தெருக்கோடியிலுள்ள போர்டையும் மாறி மாறி ஃபோகஸ் செய்யுங்கள். ஜூமின் இரண்டு முனையிலும் செய்யுங்கள்.

வாங்கிவந்த பிறகு தோல் பையிலேயே அடைத்து வைக்காதீர்கள். காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் போட்டு வையுங்கள். ஜெல்லின் நிறம் மாறியதும் காயவைத்துத் திரும்பப் போடுங்கள்.

எல்லாரும் மிரர்லெஸ் போகிறார்கள். இப்போது எஃப் மவுண்ட் லென்ஸ் வாங்குவது சரியா?

டி3500 2018-இல் வந்தது, அந்த வரிசையில் அதற்குப் பிறகு எதுவும் வரவில்லை. லென்ஸுக்கு அதனால் ஒன்றும் ஆகிவிடாது. நாளை இசட்50, இசட்30 மாதிரி ஏதாவது வாங்கினால் எஃப்டிஇசட் அடாப்டர் வழியாக இந்த லென்ஸ்களை மாட்டலாம். அங்கேயும் அதே விதிதான்: ஏஎஃப்-எஸ், ஏஎஃப்-பி லென்ஸ்கள் ஆட்டோஃபோகஸ் ஆகும், வெறும் ஏஎஃப் ஆகாது, ஏனென்றால் அந்த அடாப்டரிலும் திருகு மோட்டார் இல்லை. கேனானில் ஈஎஃப் லென்ஸ்களை ஆர் வரிசைக் கேமராவில் அடாப்டர் போட்டால் எல்லாமே ஓடும்.

எனவே இன்றைக்கு வாங்குவதானால் செகண்ட் ஹேண்டில் வாங்குங்கள். பலர் மிரர்லெஸ்ஸுக்கு மாறுவதால் நல்ல ஏஎஃப்-எஸ் லென்ஸ்கள் சந்தைக்கு வந்துகொண்டிருக்கின்றன. புதிதாக முழு விலை கொடுத்து வாங்கும் அளவுக்குக் காசு இருந்தால், அதைக் கேமரா மாற்றும்போது வைத்துக்கொள்ளலாம்.